உள்ளேயே விசிஓ இருக்கும் ஆர்எஃப் சிந்தசைசர் சிப்: எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களும், ஹாம் ரேடியோ நண்பர்களும், சின்ன நிறுவனங்களில் போர்டு வடிவமைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆர்எஃப் சிந்தசைசர் என்பது நாம் கேட்கும் ரேடியோ அதிர்வெண்ணை உருவாக்கித் தரும் சிப்; ஏடிஎஃப்4351 அதில் ஒன்று. "ஏடிஎஃப்4351 போதுமா சார்?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். எதற்கு என்று கேட்டால், "4.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகுதே" என்பார்கள். எந்த அதிர்வெண் வரை போகும் என்பதை வைத்து மட்டும் இந்தச் சிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இந்தச் சிப்புக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு விசிஓவும் (வோல்ட்டேஜை மாற்றினால் அதிர்வெண் மாறும் ஆஸிலேட்டர்), அதை ஒரே அதிர்வெண்ணில் பிடித்து வைக்கும் பிஎல்எல் என்ற சுற்றும். வெளியிலிருந்து ஒரு சுத்தமான ரெஃபரன்ஸ் சிக்னல், 25 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள், உள்ளே போகிறது. விசிஓ உருவாக்கும் சிக்னலை ஒரு டிவைடர் என் என்ற எண்ணால் வகுத்து அதே 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருகிறது. ஃபேஸ் டிடெக்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் சார்ஜ் பம்ப் கொஞ்சம் மின்னோட்டத்தை வெளியே தள்ளும், அல்லது உள்ளே இழுக்கும். அந்த மின்னோட்டத்தை மூன்று நான்கு மின்தேக்கிகளும் மின்தடைகளும் சேர்ந்த லூப் ஃபில்டர் நிதானமான ஒரு வோல்ட்டேஜாக மாற்றுகிறது. அந்த வோல்ட்டேஜ்தான் விசிஓவை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. லூப் ஃபில்டர் பெரும்பாலும் சிப்புக்கு வெளியே, உங்கள் கையில். மற்ற எல்லாம் உள்ளே.

முன்பு விசிஓ என்பது உலோக மூடி போட்ட தனி டப்பா. அகலமான எல்லை வேண்டும் என்றால் இரண்டு மூன்று டப்பாக்களை வைத்து ஸ்விட்ச் செய்ய வேண்டும். சிலிக்கானுக்குள் விசிஓ வந்த பிறகு ஒரு தந்திரம் சாத்தியமானது: மின்தேக்கிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்தும் விலக்கியும் ஒரே சிப்பில் பல பட்டைகளை அமைப்பது. ஏடிஎஃப்4351-க்குள் மூன்று விசிஓக்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிந்த 16 பட்டைகள். மூன்றும் சேர்ந்து 2200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே வேண்டுமென்றால் வெளியீட்டை 2, 4, 8 என்று 64 வரை வகுத்துக்கொள்ளலாம். 2200-ஐ 64-ஆல் வகுத்தால் 34.4 வரும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் "35 மெகாஹெர்ட்ஸ்" அங்கிருந்துதான் வருகிறது.

சந்தையில் பரவலாகப் பேசப்படும் சிப்கள் எவை?

அனலாக் டிவைசஸின் ஏடிஎஃப்4351 தான் எல்லோருக்கும் முதலில் தெரிந்தது. அதன் அண்ணன் ஏடிஎஃப்4350, 137.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும். மேக்ஸிமின் மேக்ஸ்2870, மேக்ஸ்2871 இரண்டும் 23.5 முதல் 6000 மெகாஹெர்ட்ஸ் வரை. இவற்றின் விசிஓ 3 முதல் 6 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. (2021-இல் மேக்ஸிமையே அனலாக் டிவைசஸ் வாங்கிவிட்டது, அதனால் போட்டியாளர்கள் இப்போது ஒரே வீட்டில்.) ஏடிஎஃப்4355 என்பது 54 முதல் 6800 மெகாஹெர்ட்ஸ் வரை. அதே குடும்பத்து ஏடிஎஃப்5355, அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் ஒரு டபுளர் மூலம் 13.6 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பக்கம் எல்எம்எக்ஸ்2572 குறைந்த மின்சாரத்தில் 6.4 கிகாஹெர்ட்ஸ் வரை தரும். எல்எம்எக்ஸ்2594, 10 மெகாஹெர்ட்ஸ் முதல் 15 கிகாஹெர்ட்ஸ் வரை.

200 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் வேலை என்றால் இந்தப் பட்டியலையே விட்டுவிட்டு எஸ்ஐ5351-ஐப் பாருங்கள். கடிகாரச் சிப் என்ற பெயரில் வந்தது. ஹாம்கள் அதை எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) ரேடியோக்களில் கணக்கில்லாமல் போட்டுவிட்டார்கள்.

மிக்ஸரும் (ஒரு சிக்னலை வேறு அதிர்வெண்ணுக்கு நகர்த்தும் சுற்று) வேண்டும், சிந்தசைசரும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒன்றாக வைத்த ஆர்எஃப்எஃப்சி5072 இருக்கிறது. ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற மென்பொருள் ரேடியோ போர்டில் இருப்பது அதுதான்.

எனக்கு வேண்டிய அதிர்வெண் எல்லைக்குள் இருக்கிறது. வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த அதிர்வெண்ணில் சிப் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

145 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏடிஎஃப்4351 அதற்கு விசிஓவை 2320-இல் ஓட்டி 16-ஆல் வகுக்கும். வகுத்து வருவது சைன் அலை அல்ல, கிட்டத்தட்டச் சதுர அலை. மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் சிக்னல்) முக்கியச் சிக்னலை விட வெறும் 10 டிபி அளவுக்குத்தான் கீழே இருக்கும். 145-இன் மூன்று மடங்கு 435. அதாவது இரண்டு மீட்டர் பட்டையில் நீங்கள் விடும் சிக்னல், கேட்காமலே 70 சென்டிமீட்டர் ஹாம் பட்டையிலும் போய் உட்காரும். மிக்ஸருக்கு எல்ஓ-வாக (மிக்ஸரை ஓட்டும் லோக்கல் ஆஸிலேட்டராக) மட்டும் பயன்படுத்தினால் இது பெரிதாகப் பாதிக்காது. மிக்ஸருக்குச் சதுர அலை பிடிக்கவும் செய்யும். ஆனால் ஆன்டெனாவுக்குப் போகும் வழியில் இருந்தால் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் ஒரு அடி நகரக்கூடாது.

இன்னொன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ். ஏடிஎஃப்4351-இல் அது விசிஓவின் நேரடி அதிர்வெண்; வகுத்தலே இல்லை. அதே போர்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பவர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதன் சிக்னல் கசிந்து வந்து விசிஓவைப் பிடித்து இழுக்கும். மேக்ஸ்2871-இல் விசிஓ 4.8-இல் ஓடி 2-ஆல் வகுபடும். ஆம்ப்ளிஃபயரும் விசிஓவும் ஒரே இடத்தில் இல்லாததால் இந்தத் தொல்லை குறையும். ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது ஹார்மோனிக் 4.8-இல் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மேக்ஸ்2871 பக்கம் சாய்வேன்.

ஃபேஸ் நாய்ஸ் எண்களை எப்படிப் படிப்பது?

ஃபேஸ் நாய்ஸ் என்பது சிக்னலின் ஃபேஸ் நடுங்குவதால் அதன் இரு பக்கமும் பரவும் இரைச்சல். டேட்டாஷீட்டில் இரண்டு வகை எண்கள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதலாவது, பிஎல்எல்லின் இயல்பாக்கிய நாய்ஸ் தளம். ஏடிஎஃப்4351-க்குச் சுமார் -220, எல்எம்எக்ஸ்2594-க்கு -236. இது லூப் அகலத்துக்குள் (பிஎல்எல் விசிஓவைத் திருத்தும் எல்லைக்குள்), அதாவது கேரியர் என்ற முக்கியச் சிக்னலுக்குப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறது. இதை உங்கள் அதிர்வெண்ணுக்கு மாற்றும் கணக்கு எளிது: ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண்ணின் லாகரிதமை 10-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், என்-இன் லாகரிதமை 20-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

2400 மெகாஹெர்ட்ஸ், ஃபேஸ் டிடெக்டர் 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் என் 96. -220 கூட்டல் 74 கூட்டல் 39.6. விடை -106 டிபிசி/ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சல் கேரியரை விட 106 டிபி கீழே. அதே 2400-க்கு எல்எம்எக்ஸ்2594-ஐ 100 மெகாஹெர்ட்ஸ் ஃபேஸ் டிடெக்டரோடு ஓட்டினால் -236 கூட்டல் 80 கூட்டல் 27.6, அதாவது -128. இருபத்திரண்டு டிபி வித்தியாசம். அதில் 16 டிபி சிப்பின் தரம். மீதி 6 டிபி, ஃபேஸ் டிடெக்டரை வேகமாக ஓட்டியதால் கிடைத்தது. இந்த இரண்டாவது பங்கு, காசு கொடுக்காமல் கிடைப்பது. ஏடிஎஃப்4351-ஐ ஃபிராக்‌ஷனல் முறையில் (என் முழு எண்ணாக இல்லாதபோது) 32 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்ட முடியாது. ஆனால் பலர் ஒரு பழைய எடுத்துக்காட்டைப் பார்த்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிவிட்டு "சிப் சரியில்லை" என்பார்கள்.

இரண்டாவது, விசிஓவின் சொந்த நாய்ஸ். லூப் அகலத்துக்கு வெளியே இதுதான் ஆட்சி. ஏடிஎஃப்4351-க்கு 2.2 கிகாஹெர்ட்ஸில், 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, -114 அருகில்.

-106 என்றால் நல்லதா, கெட்டதா?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 64-க்வாம் (64 நிலைகளில் தகவலை ஏற்றும் முறை) வரை போகும் டிஜிட்டல் சிக்னலுக்கு மொத்த ஃபேஸ் நடுக்கம்தான் முக்கியம். -106 என்ற தளம் 50 கிலோஹெர்ட்ஸ் வரை நீண்டால் இரண்டு பக்கமும் சேர்த்து -56 டிபிசி, அதாவது 0.1 டிகிரிக்கும் குறைவு. தாராளம்.

குறுகலான ரிசீவருக்கு வேறு கதை. உங்கள் ஸ்டேஷனுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பலமான ஸ்டேஷன் இருக்கிறது. உங்கள் ஃபில்டர் 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம். எல்ஓவின் நாய்ஸ் அந்தப் பலமான சிக்னல்மேல் ஏறி உங்கள் அகலத்துக்குள் விழும். 2.4 கிலோஹெர்ட்ஸ் என்பது 34 டிபி. எனவே -106 கூட்டல் 34, -72. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஸ்டேஷனை விட 72 டிபி பலமாக இருந்தால் ஸ்டேஷன் இரைச்சலில் மூழ்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் அபூர்வம். 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ராத்திரி வேளையில் தினமும் வருவார்.

நல்ல செய்தியும் உண்டு. வெளியீட்டை ஒவ்வொரு முறை 2-ஆல் வகுக்கும்போதும் நாய்ஸ் 6 டிபி இறங்கும். எச்எஃப் ரிசீவருக்கு 45 மெகாஹெர்ட்ஸ் எல்ஓ வேண்டுமென்றால் விசிஓ 2880-இல் ஓடி 64-ஆல் வகுபடும். 36 டிபி கீழே, கணக்குப்படி -141. டிவைடரின் சொந்த இரைச்சல் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், ஆனாலும் அருமையான எண். பெருக்கும்போது இதற்கு நேர் எதிர்: 10 கிகாஹெர்ட்ஸுக்கு நான்கு மடங்காக்கினால் 12 டிபி போய்விடும்.

லூப் அகலத்தை எவ்வளவு வைப்பது?

பிஎல்எல் தளமும் விசிஓ நாய்ஸும் சந்திக்கும் இடத்தில். 2.2 கிகாஹெர்ட்ஸில் ஏடிஎஃப்4351, ஃபேஸ் டிடெக்டர் 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் தளம் -107; விசிஓ அந்த அளவுக்கு இறங்கும் இடம் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ். அங்கிருந்து தொடங்குங்கள். ஃபேஸ் டிடெக்டர் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் தளம் -93-க்கு ஏறிவிடும்; சந்திப்பு 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும்.

ஃபில்டர் மதிப்புகளைக் கையால் கணக்கிட வேண்டியதில்லை. அதற்கான மென்பொருள்கள் ஏடிஐசிம்பிஎல்எல், பிஎல்எல்லாட்டினம் சிம் இரண்டும் இலவசம். ஆனால் மின்தேக்கியைப் பார்த்து வாங்குங்கள். லூப் ஃபில்டரில் எக்ஸ்7ஆர் வகைச் செராமிக் போட்டால் அது மைக் போல வேலை செய்யும். போர்டைத் தட்டினால் சிக்னலில் கேட்கும். சி0ஜி அல்லது ஃபிலிம் வகை போடுங்கள்.

இன்டிஜர் பவுண்டரி ஸ்பர் என்கிறார்களே, அது என்ன?

என்னைக் கேட்டால், தேர்வு செய்யும்போது யாரும் பார்க்காததும், பிறகு அதிகம் அழவைப்பதும் இதுதான். விசிஓ அதிர்வெண், ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண்ணின் முழு மடங்கு ஒன்றுக்கு மிக அருகில் இருந்தால், அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தள்ளி இரு பக்கமும் ஒரு வேண்டாத சிக்னல் முளைக்கும்.

ஒரு நிஜ உதாரணம். கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் இருக்கும் க்யூஓ-100 என்ற ஹாம் டிரான்ஸ்பாண்டர் (வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) கிழக்கே 25.9 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கில் சுமார் 27 டிகிரி உயரத்தில் தெரியும், நம் ஊர் ஹாம்களுக்கும் எட்டும். அதன் குறும்பட்டை அப்லிங்க் (நாம் மேலே அனுப்பும் பட்டை) 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி அரை மெகாஹெர்ட்ஸ் வரை. கடையில் கிடைக்கும் ஏடிஎஃப்4351 மாட்யூலில் ரெஃபரன்ஸ் 25 மெகாஹெர்ட்ஸ். 25-ஐ 96-ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 2400! நீங்கள் 2400.020-இல் நின்றால் ஸ்பர் 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, 50 கிலோஹெர்ட்ஸ் லூப்புக்கு உள்ளே. ஃபில்டர் அதைத் தொடக்கூட முடியாது. 40 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸைப் பாதியாக வகுத்து 20 ஆக்கினாலும் அதே கதைதான். 20-க்கு 2400 முழு மடங்கு.

26 மெகாஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள். 26-இன் 92 மடங்கு 2392, 93 மடங்கு 2418. 2400.25-இல் நின்றால் அருகிலுள்ள எல்லை 8.25 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. லூப் ஃபில்டர் அதைத் துடைத்துவிடும். ஜிஎஸ்எம் ஃபோன்களின் புண்ணியத்தில் 26 மெகாஹெர்ட்ஸ் டிசிஎக்ஸ்ஓக்கள் (வெப்பத்தால் அதிர்வெண் நகராதபடி திருத்திய கிரிஸ்டல் ஆஸிலேட்டர்கள்) எளிதாகவும் கிடைக்கும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் சிப்பை மாற்றி யோசிப்பவர்கள், ரெஃபரன்ஸை மாற்றி யோசிப்பதில்லை.

10 ஹெர்ட்ஸ் படிகளில் நகர வேண்டும். ஏடிஎஃப்4351 முடியுமா?

ஃபேஸ் டிடெக்டர் 25 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் முடியாது. அதன் மாடுலஸ் (என்-இன் பின்னப் பகுதியில் கீழே வரும் எண்) 12 பிட், அதிகபட்சம் 4095. 25 மெகாஹெர்ட்ஸை 4095-ஆல் வகுத்தால் 6 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். சேனல் சேனலாகத் தாவும் ரேடியோவுக்கு இது போதும். 2500 என்று மாடுலஸ் வைத்தால் துல்லியமான 10 கிலோஹெர்ட்ஸ் படி கிடைக்கும். குமிழைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் 38 பிட் உள்ள ஏடிஎஃப்4355-க்கோ, 32 பிட் உள்ள எல்எம்எக்ஸ்2594-க்கோ போங்கள்.

கிரிஸ்டலை நேரடியாக மாட்டலாமா?

எஸ்ஐ5351-க்கு மாட்டலாம், 25 அல்லது 27 மெகாஹெர்ட்ஸ். ஏடிஎஃப்4351-க்குக் கூடாது, அதற்குத் தயாரான சிக்னல் வேண்டும், ஆகவே டிசிஎக்ஸ்ஓ. துல்லியம் பற்றி ஒரு கணக்கு: 2400 மெகாஹெர்ட்ஸில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) பிழை என்றால் 24 கிலோஹெர்ட்ஸ். எஸ்எஸ்பி (ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் முறை) குரல் ஒன்றின் அகலத்தைப் போல ஒன்பது பத்து மடங்கு தள்ளி நிற்பீர்கள்.

3.3 வோல்ட்தானே, கையில் இருக்கும் ரெகுலேட்டரைப் போடலாமா?

இதில் நான் சூடு கண்டவன். ஒரு போர்டில் 500 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பக் கன்வர்ட்டரை (ஸ்விட்ச் செய்து வோல்ட்டேஜைக் குறைக்கும் சுற்று) நேரே விசிஓ சப்ளைக்குக் கொடுத்திருந்தேன். கேரியருக்கு இரு பக்கமும் 500 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு கொம்புகள். ஃபிராக்‌ஷனல் ஸ்பர் (மேலே சொன்ன இன்டிஜர் பவுண்டரி வகை) என்று நினைத்து இரண்டு நாள் மாடுலஸோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் எரிச்சலில் அதிர்வெண்ணை ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்த்திப் பார்த்தேன். கொம்புகள் கேரியரோடு சேர்ந்தே நகர்ந்தன. இடைவெளி மாறவே இல்லை. ஃபிராக்‌ஷனல் ஸ்பராக இருந்தால் இடைவெளி மாறியிருக்கும். அப்போதுதான் சப்ளையைப் பார்த்தேன்.

கணக்கும் அதையே சொல்கிறது. சப்ளை ஒரு வோல்ட் மாறினால் விசிஓ 1 மெகாஹெர்ட்ஸ் நகரும் என்று வையுங்கள். சப்ளையில் வெறும் 1 மில்லிவோல்ட் சிற்றலை இருந்தால் விலகல் 1 கிலோஹெர்ட்ஸ். 500 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அது -60 டிபிசி கொம்பாக நிற்கும். லூப் அகலம் 50 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் பிஎல்எல் அதைத் திருத்தவும் வராது. விசிஓ காலுக்கு மட்டுமாவது தனி எல்டிஓ (ஸ்விட்ச் செய்யாத, இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர்) போடுங்கள். ஏடிபி150-இன் இரைச்சல் 9 மைக்ரோவோல்ட், எல்டி3042-இன் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட். முதலாவதே பெரும்பாலும் போதும்.

அதிர்வெண் மாற எவ்வளவு நேரம் ஆகும்?

லூப் அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளேயே விசிஓ உள்ள சிப், ஒவ்வொரு முறையும் எந்தப் பட்டை சரி என்று முதலில் தேடும். ஏடிஎஃப்4351 வழக்கமான முறையில் அதற்கே 80 மைக்ரோவினாடி எடுக்கும். அதன் பிறகுதான் லூப் அடங்கும் நேரம். வேகமாகத் தாவ வேண்டியவர்கள், பட்டைத் தேர்வைத் தாங்களே எழுதவிடும் எல்எம்எக்ஸ்2594 போன்ற சிப்பைப் பார்க்க வேண்டும்.

பேட்டரியில் ஓட்டலாமா?

ஏடிஎஃப்4351 நூறு மில்லியாம்பியருக்கு மேல் கேட்கும். வெளியீட்டை 2-ஆல் வகுக்கும் ஒவ்வொரு படிக்கும் இன்னும் 6 மில்லியாம்பியர். எல்எம்எக்ஸ்2594 முந்நூறுக்கும் மேல். அது கையில் எடுத்துப்போகும் கருவிக்கு அல்ல. எல்எம்எக்ஸ்2572 சுமார் 75. பேட்டரி என்றால் யோசிக்க வேண்டியதே இல்லை.

ஆன்லைனில் வரும் மலிவான மாட்யூல் வாங்கலாமா?

கற்றுக்கொள்ள, தாராளமாக. அதன் லூப் ஃபில்டர் யாரோ எதற்கோ வைத்தது, ரெஃபரன்ஸ் சாதாரண ஆஸிலேட்டர் என்பதை ஞாபகத்தில் வைத்து வாங்குங்கள். ஆர்டுயினோ யூனோவை நேராக இணைக்காதீர்கள். அது 5 வோல்ட் தரும், சிப் 3.3 வோல்ட் சப்ளைக்கு மேல் 0.3 வோல்ட்தான் தாங்கும். அப்புறம் ரெஜிஸ்டர்களை (சிப்புக்குள் அமைப்புகளை எழுதும் இடங்கள்) 5, 4, 3 என்று இறங்கி, 0-ஐக் கடைசியில் எழுதுங்கள். பட்டைத் தேடல் தொடங்குவதே ரெஜிஸ்டர் 0 எழுதப்படும்போதுதான். வரிசை மாறினால் எல்லா எண்ணும் சரியாக இருந்தும் சிப் பழைய இடத்திலேயே நிற்கும்.

மேக்ஸ்2871-ஐ ஏடிஎஃப்4351 இருந்த இடத்தில் அப்படியே வைக்கலாமா?

இரண்டும் 5 மில்லிமீட்டர் சதுர, 32 கால் சிப்கள். ஆறு ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 32 பிட். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் விசிஓவின் எல்லை வேறு, வகுக்கும் எண் வேறு, லூப் ஃபில்டரும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றில் டிவைடர் 1, இன்னொன்றில் 2. பழைய நிரலை மாற்றாமல் ஓட்டினால் விசிஓவால் எட்ட முடியாத அதிர்வெண்ணைக் கேட்பீர்கள். லாக் விளக்கு எரியாது. லூப் ஃபில்டர் பாகங்களை மாற்றி, நிரலையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

சரி, கடைசியாக எதை வாங்குவது?

எஃப்எம் குரல், சோதனை சிக்னல், சாதாரண எல்ஓ: ஏடிஎஃப்4351, 26 மெகாஹெர்ட்ஸ் டிசிஎக்ஸ்ஓவோடு. பக்கத்தில் பவர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மேக்ஸ்2871. நுண்ணிய படிகள் என்றால் ஏடிஎஃப்4355. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், அல்லது வேகமான ஏடிசிக்கு (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் சிப்) கடிகாரம் என்றால் எல்எம்எக்ஸ்2594. அதன் சூட்டை இறக்க அடிப்பகுதியில் போதுமான வியாக்கள் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் உலோகத் துளைகள்) போடுங்கள். எச்எஃப் மட்டும்தான் என்றால் எஸ்ஐ5351 வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல ஃபில்டர் கட்டுங்கள்.